மெலோஸ் தீவும் துசிடிடீஸின் மௌனமும்

தன் நாடு செய்த கொடுமையைத் தானே எழுத முன்வந்த வரலாற்றாசிரியர்களுள் துசிடிடீஸுக்குத் தனியிடம் தருவது அறிஞர் வழக்கம். கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் நடத்திய போரின் வரலாற்றை எழுதிய இவர் ஏதென்ஸ் நகரத்தவர். அந்நகரை 430இல் வாட்டிய கொள்ளைநோயில் தாமும் விழுந்து பிழைத்தவர். 424இல் தளபதியாக இருந்து, ஆம்பிபோலிஸ் நகரைக் காக்கத் தவறியதற்காக இருபது ஆண்டுகள் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தவர். கிரேக்க மருத்துவத்தையும் தருக்கத்தையும் அப்பாசியர் காலத்து பக்தாத் அறபியாக்கிக்கொண்டது. கேலனுக்கு ஒரு ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிடைத்தார். துசிடிடீஸுக்கு அங்ஙனம் ஒருவர் கிடைக்கவில்லை. ஆதலால் நம்மவர்க்கு அவர் ஆங்கிலத்தின் வழியே, காலந்தாழ்த்தியே அறிமுகமானார்.

அறிமுகமான நாள்தொட்டு, அவருடைய நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பெறுவது ஐந்தாம் பகுதியில் வரும் மெலோஸ் உரையாடல். அந்த நேர்மையை நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவ்விடத்தில் அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. புகழுரைகளின் ஆரவாரத்தில் அது மறைந்துவிடுகிறது.

மெலோஸ் ஏஜியன் கடலில் உள்ள சிறு தீவு. ஸ்பார்ட்டாவிலிருந்து குடியேறியோர் வாழ்ந்த இடம். கி.மு. 416இல் ஏதென்ஸின் 30 கப்பல்களும், கியோஸின் ஆறும், லெஸ்போஸின் இரண்டும் அதன் கரையை அடைந்தன. ஏதென்ஸின் கவசமணிந்த காலாட்கள் மட்டும் 1,200 பேர். நட்பு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 1,500 பேர். தாக்குதலுக்கு முன் தூதர்கள் சென்றனர். தீவின் ஆட்சியாளர் அவர்களை மக்கள் முன் பேச விடவில்லை. அதிகாரிகளும் சிலரும் மட்டுமே இருந்த கூட்டத்தில் வைத்துக் கேட்டனர். சாகப்போகிறவர்களைக் கேளாமலே அவர்களுடைய சாவு பேசப்பட்டது என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

அங்கே நடந்ததை நாடகம் போலவே துசிடிடீஸ் அமைத்திருக்கிறார். ஏதீனியர் ஒரு சொல், மெலியர் ஒரு சொல் என மாறிமாறி நடக்கும் இத்துணை நீண்ட உரையாடல் நூலில் வேறெங்கும் இல்லை. நீதி என்பது ஒத்த வலிமையுடையோர்க்கிடையே மட்டும் எழக்கூடிய பேச்சு என்று தூதர்கள் முதலிலேயே வாசலை அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் மெலியர் நன்மை தீமைக் கணக்கையே பேச வேண்டியதாகிறது. நடுநிலையில் இருக்க விடுங்கள் என்கிறார்கள். உங்கள் பகையைவிட உங்கள் நட்பே எங்களுக்குக் கேடு, அது எங்கள் பலவீனத்துக்கு அடையாளமாகிவிடும் என்று பதில் வருகிறது. தெய்வத்தையும் ஸ்பார்ட்டாவையும் நம்புகிறோம் என்கிறார்கள். நம்பிக்கை வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்ற பொருளில் விடை கிடைக்கிறது. உலக இலக்கியத்தில் இவ்வளவு குளிர்ந்த பக்கங்கள் அரியவை.

முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. மெலியர் இருமுறை முற்றுகை மதிலின் ஒரு பகுதியைக் கைப்பற்றினர். பின்னர் ஏதென்ஸிலிருந்து புதுப்படை வந்தது; உள்ளுக்குள்ளும் துரோகம் நடந்தது. குளிர்காலத்தில் தீவு சரணடைந்தது. பிடிபட்ட ஆடவர் அனைவரையும் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். பின்பு 500 பேரைக் குடியேற்றினார்கள். இத்தனையையும் ஓரிரு வரிகளில் சொல்லி நிறுத்துகிறார் துசிடிடீஸ். ஓர் அடைமொழி இல்லை. ஒரு பெருமூச்சு இல்லை. அடுத்த பகுதி சிசிலிப் படையெடுப்புடன் தொடங்குகிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாலிகர்னாசஸ் நகரத்து டயோனிசியஸ் இந்த உரையாடலைக் கடுமையாகச் சாடினார். கீழ்த்திசை மன்னர் கிரேக்கரிடம் பேசத்தக்க பேச்சை ஏதீனியர் வாயில் வைத்துவிட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அது திறனாய்வன்று, ஊர்ப்பெருமை காக்கும் வழக்குரை. நம் வினா வேறு. மெலோஸின் ஆடவரைக் கொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

இதனை வினவும் உரிமையைத் துசிடிடீஸே மூன்றாம் பகுதியில் நமக்கு அளித்திருக்கிறார். கி.மு. 427இல் லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரம் கலகம் செய்து தோற்றது. அந்நகரின் ஆடவர் எல்லோரையும் கொல்ல ஏதென்ஸின் மக்கள்மன்றம் தீர்மானித்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் நகரம் மனம் மாறியது. மன்றம் மீண்டும் கூடியது. கொலையை வற்புறுத்திக் கிளியோன் பேசினார். எதிர்த்து டையோடோட்டஸ் பேசினார். இவரும் இரக்கத்தைக் காரணமாகக் காட்டவில்லை, ஆதாயத்தையே காட்டினார் என்பது வேறு செய்தி. கைகள் உயர்ந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருக்க, டையோடோட்டஸ் வென்றார். இரண்டாவது கப்பல் புறப்பட்டபோது முதற்கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்தியிருந்தது. துடுப்பு வலித்தவர்கள் வாற்கோதுமை மாவைத் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து தின்றபடியே வலித்தார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். முன்சென்றவர்களோ அக்கொடிய பணிக்கு விரைந்து செல்ல மனமில்லாமல் மெல்லச் சென்றார்கள். தளபதி பாக்கீஸ் ஆணையைப் படித்துமுடித்து நிறைவேற்றத் தொடங்கும் வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

இங்கே யார் கேட்டார், யார் மறுத்தார், எத்தனை அருகில் தப்பியது என்பதெல்லாம் தெரிகிறது. கலகத் தலைவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டதும் கிளியோனின் தீர்மானத்தினால்தான் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். கி.மு. 421இல் ஸ்கியோனி நகரத்து ஆடவர் கொலையுண்டபோதும் அத்தீர்மானத்தை இரண்டாண்டுகளுக்கு முன் கொண்டுவந்தவர் அதே கிளியோன் என்ற பதிவு இருக்கிறது. 422இல் கிளியோன் போர்க்களத்தில் மாண்டார். மெலோஸ் வீழ்ந்தபோது பழிசுமக்க அவர் இல்லை. துசிடிடீஸின் ஏட்டிலும் பெயர் இல்லை. மன்றம் கூடியதா, எவரேனும் எதிர்த்தனரா, இரண்டாவது கப்பலைப் பற்றி ஒருவரேனும் பேசினரா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தமக்குப் பிடிக்காத கிளியோனின் பெயரைத் தயங்காது பொறித்த எழுத்தாணி, இங்கே ஏன் நின்றது?

அப்போது அவர் நாடு கடத்தப்பட்டிருந்தாரே என்பர். அது போதிய விடையாகாது. சில பக்கங்கள் கழித்து, 415இல் அதே மன்றத்தில் சிசிலியைக் குறித்து நிக்கியாஸும் அல்சிபியாடீஸும் பேசிய பேச்சுக்களை விரிவாகவே தருகிறார். அன்றும் அவர் வெளியூரில்தான் இருந்தார். பெயர் சொல்லாததால் பழி நகரம் முழுவதற்கும் உரியதாயிற்று, அதுவே அவருடைய தீர்ப்பு என்று இன்னொரு சாரார் வாதிடுவர். இது கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் எல்லோருடையதுமான பழி எவரையும் சுடுவதில்லை. கை தூக்கியவனும், தூக்காமல் நின்றவனும், அன்று மன்றத்துக்கே வராதவனும் ஒரே நிழலில் நின்றுவிடுகிறார்கள். அல்சிபியாடீஸ் அந்தக் கொலைத் தீர்மானத்தை ஆதரித்தார் என்ற செய்தியை, ஐந்து நூற்றாண்டுகளுக்கும் பின்வந்த புளூட்டார்க்கிடமிருந்து நாம் பெற வேண்டியிருக்கிறது.

உரையாடலின் கலை உயர்ந்ததுதான். அந்த உயர்வே வாசகரைத் தீவின் மூடிய அறைக்குள் கட்டிவைத்து, ஏதென்ஸின் திறந்த மன்றத்தைப் பார்க்கவொட்டாமல் செய்கிறது. தத்துவத்தைக் கேட்கிறோம், கையெழுத்தைக் காணவில்லை. பெண்களும் குழந்தைகளும் ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். அவர்களைப் போன்றோரின் குரலை 415 இளவேனிலில் யூரிப்பிடீஸ் டிராய் நகரப் பெண்களைப் பற்றிய நாடகத்தில் மேடையேற்றினார். மெலோஸை மனத்தில் கொண்டே எழுதினார் என்று உறுதியாகச் சொல்லக் காலக்கணக்கு இடந்தராது. தீவு விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆயினும் அதைப் பார்த்த கூட்டத்தில், தீவிலிருந்து திரும்பிய போர்வீரரும் இருந்திருப்பர். போட்டியில் நாடகத்துக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது.

துசிடிடீஸின் நூல் கி.மு. 411ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு அறுந்துபோகிறது. மிகுதியை எழுதியவர் ஸெனோபோன். கலைத்திறத்தில் துசிடிடீஸின் அருகே நிற்க முடியாதவர். 405இல் கடற்படை முற்றும் அழிந்த செய்தி இரவில் துறைமுகத்தை அடைந்து, நெடுமதில்கள் வழியே ஓலமாக நகருக்குள் பரவியதையும், அன்றிரவு ஒருவரும் உறங்காததையும் அவரே சொல்கிறார். தாம் பிறருக்குச் செய்தது இனித் தமக்கு நேரும் என அவர்கள் அஞ்சினார்களாம். அவ்வாறு துன்புற்றோரின் பட்டியலில் ஸெனோபோன் முதலில் எழுதும் பெயர் மெலியர். சில வாரங்களில் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர், எஞ்சியிருந்த மெலியரைத் தேடிச் சேர்த்து அவர்தம் தீவுக்கே திருப்பி அனுப்பினார். எத்தனை பேர் என்று ஸெனோபோன் குறிக்கவில்லை.