பூனைக் கணக்கு

'கெடி' (2016) பார்த்தேன். இஸ்தான்புல் தெருப் பூனைகளைப் பற்றி ஜெய்தா டோருன் எடுத்த டாக்குமென்டரி. ஏழு பூனைகள்தான் ஹீரோ, ஹீரோயின் எல்லாம். கேமராவைத் தரையோடு தரையாக ஓட்டி, பூனையின் கண் உயரத்தில் ஊரைக் காட்டுகிறார்கள். அசந்துபோனேன்.

ஒரே குறை, ஏழில் ஒன்றுகூடக் கிழடு இல்லை. எலி பிடிக்கிறது, சண்டை போடுகிறது, ஓட்டல் கண்ணாடியைப் பிறாண்டி விருந்து கேட்கிறது. பல் விழுந்து, கிட்னி கெட்டு, ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடக்கிற பூனைக்கு இங்கே வேஷம் இல்லை. ஒன்றென்றால் சமாளிக்கலாம். இரக்கப்பட்டுத் தூக்கி வந்த இருபதுக்கும் சேர்ந்தாற்போல வயசானால்?

எல்லா வெட்னரி டாக்டரிடமும் எங்களுக்குப் பாக்கி இருக்கிறது என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்கிறார். படம் அங்கே நிற்கவில்லை. பி.காம். படித்த புத்தி... எனக்கு அந்தப் பாக்கி எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.