ஒண்டுவதும் குடியிருப்பதும்

'ஒண்டுக்குடித்தனம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. ஒண்டுவது மழைக்குத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறவன் காரியம். குடித்தனம், வேரூன்றியவன் காரியம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட பாஷைக்கு இருந்த பிரக்ஞை, அந்த வீடுகளைப் பற்றி எழுதினவர்களில் பலருக்கு இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவும் நீளவாக்கில் அமைந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி என்று ஒரு குடும்பத்துக்காக எழும்பியவை. பின்னால் வாடகைக்காகப் பலகைத் தடுப்புப் போட்டுப் 'போர்ஷன்'கள் ஆயின. ஒருவன் இருமினால் நாலு குடும்பத்துக்குக் கேட்கும். இதே காலத்தில் நம் நாவலாசிரியர்கள் பலர் தனியறை உள்ளவனின் நனவோடையை எழுதிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கிறவன்தான் அந்த உத்திக்கு ஆதாரம். சாத்தக் கதவில்லாதவனின் மனம் எப்படி இயங்கும் என்று கேட்டிருந்தால் உருவமே மாறியிருக்கும்.

சினிமா இந்த வீட்டை மேடையாக்கிற்று. நாடகமாக இருந்து 1968இல் படமாக வந்த கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' ஓர் உதாரணம். பல குடித்தனங்களுக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிற மாதுவுக்கு மாடிப்படியின் அடிதான் இடம். நல்ல படிமம். ஆனால் குடித்தனக்காரர்கள் ஆளுக்கொரு குணத்தை மாட்டிக்கொண்டு வந்து போகிறார்கள். வீடு அவர்களை எதுவும் செய்வதில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) வேறு தளத்தில் நிற்கிறது. குழாயும் குடமும் வீட்டுக்காரியும் அதில் பின்னணி அல்ல, கட்டமைப்பே அவைதான். தண்ணீர் வருகிற வேளையும் வராத வேளையும் ஜமுனாவின் மனசுக்கு ஒழுங்கு விதிக்கின்றன. தனியாக அழக்கூட நேரமும் இடமும் பார்க்க வேண்டியவளின் நாவல் அது. வாடகை வீட்டை உள்ளிருந்து எழுதுவது என்றால் இதுதான்.

நான் இருப்பது அதே பேட்டையில் ஒரு ஃபிளாட். மூன்று பேர் பங்கு. ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும். சம்பளச் சீட்டுக் காட்ட முடிந்தவன் நான். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உள்வாடகைக்கும் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் தேவை. கூட இருக்கும் இருவரும் மாதம் தவறாமல் பங்கு கொடுக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அவர்களைத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. அதனாலேயே விளக்கை எப்போது அணைப்பது என்ற சில்லறைச் சச்சரவில்கூட என் குரலுக்குக் கொஞ்சம் கனம் கூடிவிடுகிறது. அவர்கள் பாதியில் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய பலகைத் தடுப்பு மெலிந்து காகிதமாகியிருக்கிறது, தடுப்பது நிற்கவில்லை. படிக்கட்டின் அடி இன்று மூன்றாவது மாடியிலும் உண்டு.

இதையெல்லாம் எழுதவேண்டிய இடத்தில் நமக்குக் கிடைப்பது ஏக்கம். முற்றத்து நிலா, பக்கத்துப் போர்ஷன் மாமியின் ரசம், எல்லோரும் ஒரு குடும்பம்போல என்று. எல்லோரும் ஒரு குடும்பமாக இருந்திருந்தால் முதல் தேதியன்று வீட்டுக்காரர் குரல் கேட்டு ஒருவன் கொல்லைப்புறம் போயிருக்க மாட்டான்.

பாரதி 1921இல் இறந்தபோது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவர். அந்த வீடு இப்போது அரசின் நினைவகம். 'பாரதியார் இல்லம்' என்று பெயர். மரியாதை நியாயமானதுதான். ஆனால் குடியிருந்தவன் செத்தபின் வீடு அவனுடையதாகி, வாடகை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஏக்க எழுத்து உயிரோடிருப்பவர்களுக்கே இந்த நினைவகத்தைக் கட்டிவிடுகிறது. விமர்சகன் கேட்கவேண்டிய முதல் கேள்வி எளியது: இந்தக் கதையில் வாடகை யார் கொடுக்கிறார்கள், ரசீது யார் பெயரில்?