நகைப் பெட்டியில் ஒரு ரிவால்வர்

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெண்களுக்கென்றே செய்ததாம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையில் பலியான பெண்ணை ஊரே 'நிர்பயா' என்றழைத்ததே, அந்தப் பெயரின் சாயல். எடை அரைக் கிலோ. ஹேண்ட்பேகில் அடங்கும். கொடுத்தது மெரூன் கலர் நகைப் பெட்டியில்! பெண் என்றால் நகை. அதைத் தாண்டி அரசாங்க மூளை போகாது போல.

அப்போது விலை சுமார் 1.22 லட்சம். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா தினம் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால்கூட 1,220 நாள். மூணு வருஷத்துக்கு மேல். அப்புறம் லைசென்ஸ். எண்ணூரில் ஷிப்ட் முடிந்து ராத்திரி நிற்கிற பெண் கேட்பதெல்லாம் எரிகிற தெருவிளக்கு, நேரத்துக்கு ஒரு பஸ்.

சரி, விலையை விடுங்கள். என் கோபம் வேறு. தெருவில் வருகிற தெரியாதவனை மட்டுமே இந்த ரிவால்வர் குறிபார்க்கிறது. அதே மீனம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "வூட்டாண்ட வெச்சா, குடிச்சிட்டு வர்றவன் கைல மாட்டிக்கினா இன்னா சார் பண்றது?" என்பார். மணிப்பூரில் துப்பாக்கிக்குக் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பெண்களுக்காக அமைப்பு நடத்தும் பினாலட்சுமி நேப்ரமும் அப்போதே நிர்பீக்கைக் கண்டித்தார்.

லைசென்ஸ் மறுக்க என்னென்ன காரணம் என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. மனநிலை சரியில்லாதவர், பொது அமைதி... பெண்டாட்டியை அடிப்பவன் என்று தனியாக இல்லை. 'தகுதியற்றவர்' என்ற பொத்தாம்பொது வார்த்தைக்குள் அவனை அடைக்கலாம்தான். அது அதிகாரியின் மனசைப் பொறுத்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் ஒரு வழி உண்டு. மாஜிஸ்திரேட் சொன்னால் பாதுகாப்பு அதிகாரி, போலீஸ் உதவியோடு ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். எந்த ஆயுதத்தை? வன்முறையில் சம்பந்தப்பட்டதை. ஆக, முதலில் அவன் அதைத் தூக்கணும்!

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது. கல்யாணத்தில் ஜாலிக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு உலை வைத்தால் 2 வருஷம் வரை ஜெயில். நல்லது. கல்யாணப் பந்தல் வரை வந்த சட்டம், குடித்தனத்தை எட்டிப் பார்க்கவில்லை.

'ராயபுரத்தில் ஏது சார் துப்பாக்கி, கத்திதானே?' என்பீர்கள். வாஸ்தவம். வீட்டு உபயோகத்துக்கென்றே செய்த பொருளை ஆயுதக் கணக்கில் அதே சட்டம் சேர்ப்பதில்லை. அரிவாள்மணைக்கா லைசென்ஸ் கேட்க முடியும்? துப்பாக்கிக்குக் கேட்கலாம், கேட்கிறோம். கேட்க வேண்டியவரிடம் கேட்கிறோமா?

கனடாவில் 1989-ல் மான்ட்ரியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். 1995-ல் புதுச் சட்டம் வந்தது. அங்கே விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. இரண்டு வருஷத்துக்குள் பிரிந்தவர் என்றாலும் சரி. அவர் போடாவிட்டால் அதிகாரிகளே அவருக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள்.

இங்கேயும் லைசென்ஸ் தருமுன் போலீஸ் ரிப்போர்ட் கேட்கிறார்கள். விசாரிக்கப் போகிறவர் அடுப்படியில் நிற்பவரையும் தனியாகக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேட்டு எழுத, படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். நகைப் பெட்டிச் செலவுகூட ஆகாது.