வில்லியம் மோரிஸ்: அச்சடித்தவருக்கு என்ன கிடைத்தது?

கொஞ்ச நாளாக வில்லியம் மோரிஸைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும் அவர் வரைந்ததை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கைப்பை, குடை, போன் உறை, நாள்காட்டி என்று எல்லாவற்றிலும் வந்துவிட்ட அந்தக் கருநீல டிசைன். எதிரெதிராக நிற்கும் பறவைகள், மார்பில் புள்ளி, அலகில் ஸ்ட்ராபெரி. 1883-இல் வந்த 'ஸ்ட்ராபெரி தீஃப்' என்ற துணி அது. கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் வலைக்கு அடியில் புகுந்து பழத்தைத் தின்றுவிட்டுப் போன த்ரஷ் பறவைகளைப் பார்த்து வரைந்தார்.

மோரிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வைக்கும் குறை ஒன்று உண்டு. சோஷலிசம் பேசினார், பணக்காரர்களுக்கு விற்றார் என்பது. உண்மைதான். அவருக்கே அதில் எரிச்சல் இருந்தது. ஆனா எனக்கு இது பெரிய கேள்வியாகப் படவில்லை. கையால் செய்தால் விலை ஏறத்தான் செய்யும். வாங்கினவர் யார் என்பதைவிட, செய்தவர் யார், செய்யும்போது அவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் மோரிஸே முன்வைத்த அளவுகோல். அவரை அதை வைத்துத்தானே அளக்க வேண்டும்?

1884-இல் அவர் பேசிய ஓர் உரையில் இது தெளிவாக இருக்கிறது. செய்யத் தகுந்த வேலை என்றால் அதில் மூன்று நம்பிக்கை வேண்டும் என்கிறார். ஓய்வு கிடைக்கும், உருப்படியான பொருள் ஒன்று கிடைக்கும், செய்வதிலேயே இன்பம் கிடைக்கும். மூன்றாவதுதான் அவருடைய உயிர்நாடி. அதன் வேர் ரஸ்கினிடம் இருக்கிறது. கோதிக் தேவாலயத்தைக் கட்டிய கல்தச்சனின் செதுக்கல் கோணல்மாணலாக இருந்தாலும் அதில் அவனுடைய மனசு இருக்கிறது, இன்னொருவர் போட்ட கோட்டை அச்சுப்பிசகாமல் செதுக்கச் சொன்னால் அவனைக் கருவியாக்கிவிடுகிறோம் என்பது ரஸ்கினின் வாதம். மோரிஸுக்கு அது வேதம் மாதிரி. 1892-இல் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் அந்த அத்தியாயத்தைத் தனி நூலாகவே அச்சிட்டார்.

இப்போது மெர்ட்டன் ஆபிக்கு வருவோம். லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரையில் 1881-இல் அவர் எடுத்த பட்டறை. நல்ல தண்ணீர், மரங்கள், காற்று. அந்தக் காலத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் அங்கே வேலை செய்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்தான். 'ஸ்ட்ராபெரி தீஃப்' அங்கேதான் அச்சானது. முதலில் துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்க வேண்டும். பிறகு, எங்கே நீலம் வேண்டாமோ அங்கே வெளுப்பு மருந்தைக் கட்டையால் அச்சடித்து நிறத்தை எடுக்க வேண்டும். அலசி, காயவைத்து, சிவப்புக்கு ஒரு சுற்று, மஞ்சளுக்கு ஒரு சுற்று. ஒரு துணி முடிய நாள்கணக்கில் ஆகும். இந்த முறையைக் கைக்குள் கொண்டுவர மோரிஸ் பல வருஷம் மெனக்கெட்டார். லீக் ஊரில் தாமஸ் வார்டலின் சாயப்பட்டறையில் தானே தொட்டியில் கையை விட்டு, நீலம் ஏறிய கையோடு திரிந்தவர்.

அவருக்கு அதில் இன்பம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனா மேஜை முன்னால் நின்று கட்டையை வைத்து, சுத்தியால் தட்டி, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்து, மறுபடி தட்டியவருக்கு? பறவையின் அலகு எங்கே வர வேண்டும் என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது. ஓர் இலை நகர்ந்தாலும் அடுத்த அச்சு பொருந்தாது. ரஸ்கின் சொன்ன கல்தச்சன் இங்கே இல்லை. ரஸ்கின் பயந்த கருவிதான் இருக்கிறது, நல்ல காற்றும் நல்ல வெளிச்சமும் உள்ள இடத்தில்.

டேபஸ்ட்ரி நெசவில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. நிழல், நிறச்சாயல் இவற்றில் நெய்கிறவர் முடிவெடுக்க இடம் இருந்தது. அங்கே சேர்ந்த ஜான் ஹென்றி டேர்ல் முதலில் கடைச் சிப்பந்தி. நெசவு பழகி, பின்னாளில் தலைமை வடிவமைப்பாளரே ஆனார். மோரிஸின் கொள்கைக்கு ஒரு நல்ல சாட்சி வேண்டுமென்றால் அவரைத்தான் காட்ட வேண்டும். ஒருவரைக் காட்டலாம், பட்டறையைக் காட்ட முடியாது.

மோரிஸுக்கு இது தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு முதலாளி நல்லவராக இருந்து ஒன்றும் ஆகாது, அமைப்பே மாற வேண்டும் என்பது அவருடைய பதில். தெருமுனையில் நின்று பேசினார், பத்திரிகை நடத்தினார். 1890-இல் அந்தப் பத்திரிகையில் தொடராக வந்ததுதான் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்'. எதிர்கால இங்கிலாந்தைக் கனவு காணும் நாவல். அதில் எனக்கு மறக்க முடியாதவள் ஃபிலிப்பா என்ற சிற்பி. ஊரே வைக்கோல் அறுவடைக் கொண்டாட்டத்துக்குப் போகும்போது, வரமாட்டேன் என்று ஒரு சின்னக் கூட்டம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் அவள் விருந்தாளியிடம்கூட நின்று பேசாமல் சுவரைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறாள். வேலையின் இன்பத்தை இதைவிட நன்றாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

கவனித்தீர்களா, அவள் செதுக்குவது வேறொருவர் வரைந்து கொடுத்ததை அல்ல. கையால் செய்யச் சலிப்பான வேலையை நாவலில் இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. (மோரிஸ் இயந்திரத்தையே வெறுத்தார் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மெர்ட்டன் ஆபியிலேயே ஜாக்கார்டு தறிகள் ஓடின.) ஆக, ஒரு பக்கம் ஃபிலிப்பா, மறுபக்கம் இயந்திரம். சலிப்பும் அழகும் ஒன்றாகக் கலந்த அந்த அச்சுமேஜைக்கு நாவலில் இடமே இல்லை. தன் பட்டறையில் தினமும் பார்த்த வேலையைத்தான் அவர் கற்பனையில் விட்டுவிட்டார். அவர் எழுத்தில் என்னை உறுத்தும் ஓட்டை இதுதான், விலைப்பட்டியல் அல்ல.

தானே வடிவமைத்தவர்களுக்கும் பேர் சுலபமாகக் கிடைக்கவில்லை. அவருடைய மகள் மே மோரிஸ் 1885-இல், இருபத்துமூன்று வயதில், கம்பெனியின் எம்பிராய்டரி பிரிவை ஏற்று நடத்தினார். 'ஹனிசக்கிள்' என்ற அந்த அழகான வால்பேப்பர் அவர் வரைந்தது. ரொம்ப காலம் அது அப்பாவின் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது.