உருமி கடல்கடந்த பாதை: தமிழ் ராப்பும் இரண்டாம் இசைத்தொகுப்பும்

ராப் என்பது தாளத்தின்மேல் சொற்களை இராகத்தில் நீட்டாமல் ஓதிச் செல்லும் கலை. அதற்கு அடியில் திரும்பத் திரும்பச் சுழலும் தாளக்கட்டினை அக்கலைஞர்கள் 'பீட்' என்று அழைக்கின்றனர். ஒரு ராப் கலைஞரின் முதல் இசைத்தொகுப்பு பெரும்பாலும் அவர் பல ஆண்டுகள் மனத்தில் சேர்த்துவைத்த சொற்களிலிருந்து பிறக்கிறது. இரண்டாவது தொகுப்போ, நிறுவனத்தின் பணமும் இரசிகரின் எதிர்பார்ப்பும் ஒருங்கே நெருக்கக் குறுகிய காலத்தில் உருவாகிறது. 'வணிக ஒலிக்கு மாறிவிட்டார்' என்ற குற்றச்சாட்டு இரண்டாம் தொகுப்பின்மீதே மிகுதியாக விழுவதற்கு இதுவே காரணம். தமிழில் இக்குற்றச்சாட்டுக்குத் தனியொரு பொருளும் உண்டு: இங்கு வணிக ஒலி என்றாலே திரையிசைதான்.

தமிழ் ராப் வேர்பிடித்த நிலம் மலேசியா. 1990களில் அங்கு இயங்கிய 'போயெட்டிக் அம்மோ' குழுவிலிருந்து வந்த யோகி பி, 'நட்சத்திரா' குழுவினருடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' (1980) படத்துக்காக இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாடலை மறுவடிவம் செய்த பாட்டே அத்தொகுப்பைத் தமிழ்நாட்டில் பரப்பியது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. கோவையிலிருந்து எழுந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி, 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டபின் மூன்றே ஆண்டுகளில் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களின் இசையமைப்பாளராகவும், 2017இல் 'மீசைய முறுக்கு' படத்தின் இயக்குநராகவும் ஆனார். இரண்டாம் தொகுப்பு நின்று பேசவேண்டிய இடத்தைத் திரைப்படம் எடுத்துக்கொள்ளும் போக்கு இவ்விருவர் வாழ்விலும் தெளிவாகத் தெரிகிறது. இதனை வீழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் திரைப்பாடலில் ராப் கலைஞர் கதைநாயகனுக்காகப் பேசுகிறாரேயன்றித் தமக்காகப் பேசுவதில்லை என்பது பெரிய இழப்பே.

இப்போக்குக்கு நேர்மாறாக அமைந்து, அதனாலேயே விரிவான கவனத்தைக் கோருவது, எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் 'கலா' (2007). 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, போர்ச் சூழலில் 1980களின் நடுவில் ஏதிலியாக இலண்டன் திரும்பியவர் அவர். ஈழத் தமிழ்ப் போராளி அமைப்பான ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான தந்தையின் இயக்கப்பெயரை 'அருளர்' (2005) என்ற முதல் தொகுப்புக்குச் சூட்டினார். குடும்பத்தைத் தனியாகத் தாங்கிய தாயின் பெயரை இரண்டாவதற்குச் சூட்டினார். முதல் தொகுப்பின் பெரும்பகுதிக்கு அடித்தளம், ஒரே பெட்டிக்குள் முரசொலிகளையும் தாளச்சுழல்களையும் அடக்கிய ரோலண்ட் எம்.சி.505 என்ற சிறு மின்கருவி. இரண்டாம் தொகுப்பை, அக்காலத்தில் அமெரிக்க வானொலியை ஆண்ட இசைத் தயாரிப்பாளர் டிம்பலேண்டுடன் உருவாக்கத் திட்டமிடப்பட்டது. வணிக ஒலிக்கான நேர்வழி அதுவே. ஆனால் 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. தொகுப்பு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என ஊர் ஊராகச் சுற்றி உருவாயிற்று.

சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருமிக் கலைஞர்கள் வாசிக்கப் பதிவான ஒலியே 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களின் முதுகெலும்பு. உருமி, இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி. அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது உறுமலும் விம்மலும் கலந்த ஓசை எழுகிறது. மறுமுகத்தில் நேர்க்குச்சி அடியாக விழுகிறது. கோயில் கொடையில் சாமியை அழைப்பதும், நையாண்டி மேளத்தில் நாகசுரத்துக்குத் துணைநிற்பதும் இவ்வோசையே. 'பாய்ஸ்' பாடலில் கருவிகள் பல ஒருசேர முழங்க, டிரினிடாட்டின் சோக்கா இசைக்குரிய திருவிழா வேகம் அவற்றோடு கைகோக்கிறது. இந்திய இசையை ஓர் அலங்காரமாகத் தொட்டுக்கொள்ளும் மேலைப்பாடல்கள் ஏராளம். இங்கு உருமியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. தொகுப்பின் முதற்பாட்டான 'பேம்பூ பங்கா', 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலிலிருந்து ஒலித்துண்டுகளை எடுத்தாள்கிறது. ஒரு பதிவிலிருந்து துண்டை வெட்டிப் புதிய பாட்டுக்கு உறுப்பாக்கும் இம்முறைக்குச் 'சாம்ப்ளிங்' என்று பெயர்.

தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையே கடலோரத்தில் இருக்கும் பூவம் போன்ற ஊரிலிருந்து நோக்கும்போது, தமிழ்த் தோற்கருவியும் கரீபியத் தாளமும் சேர்ந்த இச்சேர்க்கை புதுமையாகத் தோன்றாது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக மர்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் தப்பு என்னும் தங்கள் தோற்கருவியையும் உடன்கொண்டு சென்றனர். மொழி மங்கிப்போன பின்னும் அங்கு மாரியம்மன் வழிபாட்டில் தப்பொலி நிலைத்தது. நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களிடையே உருமி மேளம் இன்றும் செழித்திருக்கிறது. 'கலா'வைக் கலவை இசை என்று மட்டும் குறித்து நின்ற திறனாய்வுகள், இந்தக் கப்பல் வரலாற்றைக் காணத் தவறின.

'கலா'வின் வணிக வெற்றியோ எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் கிட்டார் ஒலியை அடித்தளமாகக் கொண்டு, புலம்பெயர்ந்தோர்மீது மேற்குலகம் கொண்டிருக்கும் அச்சத்தையே பேச்சாக்கிய 'பேப்பர் பிளேன்ஸ்', 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. அதன் பல்லவியில் துப்பாக்கி வெடிப்பும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் சொற்களுக்கு ஈடாக நிற்கின்றன. விசா மறுப்பின் கசப்பிலிருந்து கிளைத்த பாட்டு, மறுத்த நாட்டின் வானொலியிலேயே ஓயாமல் ஒலித்தது. எனினும் அப்பாட்டில் உருமி இல்லை என்பதையும் கூறவேண்டும். சந்தை ஏற்றது எம்.ஐ.ஏ.வின் குரலையும் துணிவையுமே, தாளத்தை அன்று. தம் இசையின் பெருமையை ஆண் தயாரிப்பாளர் ஒருவருக்கே ஏற்றிச் சொல்லும் இதழாளர்களை அவர் 2007இலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். அக்கண்டனம் முற்றிலும் நியாயமானது.

அண்மைக்காலத்தில் இரண்டாம் தொகுப்பின் இதே நெருக்கடியை எதிர்கொண்டவர் ராப் கலைஞர் அறிவு. 'தெருக்குரல்' (2019) தொகுப்பில் சாதியையும் அதிகாரத்தையும் நேர்நின்று சாடிய அவர், 2021இல் பாடகி தீயுடன் இணைந்த 'என்ஜாயி எஞ்சாமி' பாடலால் உலகெங்கும் அறியப்பட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அப்பாட்டின் உயிர். அதன்பின் திரைப்பாடல் வாய்ப்புகள் குவிந்தபோதும், பாட்டியின் பெயரையே தலைப்பில் ஏந்திய 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தனித்தொகுப்புக்கு அவர் திரும்பினார். திரைப்படத்தின் நிழலுக்கு வெளியே தமிழ் ராப் தொகுப்பொன்று தன் கதையைத் தானே சொல்லி வாழமுடியுமா என்ற கேள்விக்கு, இன்று தமிழகத்தில் கிடைக்கும் மிக உறுதியான விடை அத்திரும்புதலே.