சுற்றிவருதல்

இத்தாலிய வடிவமைப்பாளர் எத்தோரே சோட்ஸாஸ் (1917–2007) பற்றி எழுதுகிறவர்கள் ‘இந்தியப் பாதிப்பு’ என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்கிறார்கள். ஆதாரமும் சுலபமாகக் கிடைக்கிறது. 1961-ல் இந்தியாவுக்கு வந்தார். திரும்பியபின் கடுமையான சிறுநீரக நோய், 1962-ல் கலிபோர்னியாவில் சிகிச்சை, பிழைத்தார். 1963-ல் ‘இருளின் கலங்கள்’, 1964-ல் ‘சிவனுக்குக் காணிக்கை’ என்ற சுடுமண் தட்டுகள். பிரயாணம், நோய், நன்றிக்கடன் என்று கதை ஒழுங்காகவே அமைந்துவிடுகிறது. ஆனால் இது வாழ்க்கை வரலாறு. விமர்சனம் அல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது 1967-ல் மிலான் நகரில் அவர் காட்சிக்கு வைத்த பீங்கான் தூண்கள். வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, ஆளை மிஞ்சிய உயரம். தலைப்பில் நெடுங்கல், ஸிகுராட், ஸ்தூபி, தெருவோரத் தீயணைப்புக் குழாய், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. 1956-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் நெல்சனிடம் வேலை பார்த்தவர் அவர். கீழை நாட்டுக்கு ஒரு கண், அமெரிக்காவுக்கு ஒரு கண் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வது தவறு.

ஸ்தூபிக்குள் நாம் நுழைய முடியாது. அது உள்ளிடம் இல்லாத கட்டிடம், சுற்றித்தான் வரவேண்டும். பெட்ரோல் பம்ப் முன்னாலும் நிற்கத்தான் முடியும். கட்டிடக் கலை படித்த சோட்ஸாஸ் பிரயாணத்திலிருந்து எடுத்துக்கொண்டது ஸ்தூபியின் தோற்றத்தை அல்ல, நிமிர்ந்து நிற்கும் ஒரு பொருளின் எதிரே மனித உடல் என்ன செய்கிறது என்பதை. (நான் பார்த்ததெல்லாம் புகைப்படங்கள்தான். மெருகு, நிறம் பற்றிப் பேச எனக்கு அருகதையில்லை.)

இதே ஆள் சறுக்கவும் செய்தார். 1973-ல் ‘சிவா’ என்று ஒரு பூச்சாடி. இளஞ்சிவப்பில் ஆண்குறி வடிவம். பக்தர்கள் புண்படுவார்கள் என்பதல்ல என் ஆட்சேபம். லிங்கத்தின் எதிரே நின்ற அனுபவம் அதில் எங்கேயும் இல்லை. பெயரும் வெளிக்கோடும் மட்டும் பிரயாணம் செய்து வந்திருக்கின்றன. மேஜைமேல் வைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நம் கவிதைகளில் திடீரென்று முளைக்கும் கர்ப்பக்கிருஹங்களையும் வௌவால்களையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூச்சாடிதான் ஞாபகம் வருகிறது.