முதல் பாம்பு: சாதுவா என்று கேட்காதீர்கள், சாப்பிடுகிறதா என்று கேளுங்கள்

பாம்பு வளர்க்க ஆசைப்பட்டுக் கடைக்குள் நுழைகிறவரின் முதல் கேள்வி, "கடிக்குமா?" என்பதுதான். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ கனடாவிலோ கடைக்காரர் இதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு பால் பைத்தானை எடுத்துக் கையில் வைப்பார். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. ஓடாது, சீறாது, உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்திருக்கும். அந்த நிமிடமே விற்பனை முடிந்துவிடும்.

அந்தக் கேள்வி பிழையானது. விஷமில்லாத நாலடிப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் சில கீறல்களோடு போகும். சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். புதிதாக வளர்ப்பவரின் அறியாமையால் பாம்புக்கு வரும் கேடு அவ்வளவு எளிதில் தீராது. சூடு கூடும், ஈரம் குறையும், நாளுக்கு நாலு முறை கையில் எடுப்பார்கள். ஆகவே முதல் பாம்பிடம் பார்க்க வேண்டியவை இரண்டு: நம் பிழையைப் பொறுத்துக்கொள்ளுமா? பொறுக்க முடியாதபோது அதைக் காட்டிக்கொடுக்குமா? என் கணக்கில் இரண்டாவதே முக்கியம். பாம்பு முனகாது, முகம் வாடாது. புதியவருக்குப் புரியும்படி அது சொல்லக்கூடியவை இரண்டே: இரையை எடுக்கிறதா, சட்டையை முழுசாக உரிக்கிறதா.

இந்த அளவுகோலில் பால் பைத்தானை முதலில் நிறுத்திப் பார்ப்போம். அதன் நிறைகள் உண்மையானவை. மூன்று முதல் ஐந்தடிக்குள் நின்றுவிடும், மெதுவாக நகரும், நடுங்கும் கையிலும் பதறாது. ஆனால் வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். அனுபவமுள்ளவர்கள் சொல்லும் சமாதானம் சரியானதே: எடை குறையாதவரை இந்தப் பட்டினி நோயல்ல, அதன் இயல்பு. ஆனால் சூடு போதாமல் சாப்பிடாத பாம்பும், மறைவிடம் இல்லாத அச்சத்தில் சாப்பிடாத பாம்பும், பருவத்துக்காகச் சாப்பிடாத பாம்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய அனுபவம் வேண்டும். முதல் பாம்பை வாங்குகிறவரிடம் இல்லாதது அதுதான். கையில் அது காட்டும் அமைதியும் பல நேரம் அச்சத்தில் உறைந்த நிலையே. சுருண்ட பந்தைச் சுகமாக இருப்பதாகப் படித்துக்கொள்கிறோம்.

ஆயுளையும் எண்ண வேண்டும். நன்றாகப் பராமரித்தால் முப்பது ஆண்டு தாண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த பெண் பால் பைத்தான் ஒன்று, குறைந்தது 62 வயதில், 2020-இல் முட்டையிட்டது. பதினைந்து வயதுப் பையன் ஆசைப்பட்டு வாங்கும் உயிர், அவன் பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை வீட்டில் இருக்கக்கூடும். நிற வகைகளுக்காகச் செய்யும் இனப்பெருக்கத்திலும் ஒரு கறை உண்டு. 'ஸ்பைடர்' என்ற வகையில் அந்த நிறத்தோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது; தலை தள்ளாடும், சில பாம்புகள் இரையைக் குறிபார்க்கவே திணறும். அதை அழகென்று விலை கொடுத்து வாங்கக் கூடாது.

அடுத்தது கலிஃபோர்னியா கிங் ஸ்நேக். தாங்கும் சக்தியில் இதை மிஞ்சுவது கடினம். இரையை மறுப்பது அரிது. குறை அந்தப் பசியிலேயே இருக்கிறது. காட்டில் மற்ற பாம்புகளையும் விழுங்குவது இது. எலி வாசனை பட்ட விரலையும் இரை என்று பற்றிக்கொள்ளும். தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவு சாட்சி. வளர்ப்பிலிருந்து வெளியேறிய இந்தப் பாம்புகள் அங்கே பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரும் பல்லிகளைச் சூறையாடின. இரண்டாவது பாம்பாக இது நல்ல தேர்வு.

மூன்றாவது கார்ன் ஸ்நேக்: அமெரிக்கத் தென்கிழக்கின் செம்மஞ்சள் எலிபிடிப் பாம்பு. இதிலும் குறை உண்டு. முட்டையிலிருந்து வந்த குட்டி பென்சில் பருமன்கூட இருக்காது. கையில் எடுத்தால் நெளிந்து ஓடும், வாலை அதிர வைக்கும், நாற்றமுள்ள கழிவைப் பூசிவிடும். மூடியில் விரல்நுனி அளவு இடைவெளி போதும், இரவோடு இரவாகக் காணாமல் போய்விடும். கடையில் பால் பைத்தானுக்குப் பக்கத்தில் வைத்தால் தோற்பது இதுதான்.

வீட்டுக்கு வந்தபின் கணக்கு மாறும். பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24-ஐ ஒட்டி இருந்தால் போதும். பால் பைத்தான் கேட்கும் அளவுக்கு ஈரத்தையும் கேட்காது. இரை கொடுக்கும் மாலையைப் பாருங்கள். உறைந்த எலியைப் பையோடு வெதுவெதுப்பான நீரில் இளக்கி, ஈரம் துடைத்து, இடுக்கியில் பிடித்து நீட்டுகிறீர்கள். மறைவிடத்திலிருந்து முதலில் மூக்கு மட்டும் வரும். நாக்கு இரண்டு முறை மெதுவாக, பிறகு வேகமாக ஆடும். கழுத்து வளைந்து நிற்கும். சட்டென்று ஒரு பாய்ச்சல், மூன்று சுற்று. பிறகு அவசரமில்லாமல் எலியின் தலையைத் தேடி, தாடையை இடமும் வலமுமாக நகர்த்தி விழுங்கும். குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே காட்சி. கண் பால்நிறமாகிச் சட்டை உரிக்கும் நாட்களைத் தவிர்த்து, கார்ன் ஸ்நேக் இரையை மறுத்தால் ஏதோ தவறு என்று கொள்ளலாம். அன்றே வெப்பமானியைப் பார்ப்பீர்கள், தவறைத் திருத்துவீர்கள். இந்தத் தெளிவைத்தான் முதல் பாம்பு தர வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: வளர்ப்பில் பிறந்த, ஒரு வயதை ஒட்டிய, உறைந்து இளகிய எலியைத் தொடர்ந்து சாப்பிட்டுவரும் கார்ன் ஸ்நேக். குட்டி வேண்டாம், ஓராண்டு வளர்ந்ததில் குட்டிக்காலத்துப் பதற்றம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். காட்டில் பிடித்தது எந்த இனமானாலும் வேண்டாம். ஒட்டுண்ணியும் அச்சமும் சேர்ந்தே வரும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும், எனவே இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பூட்டு கட்டாயம், ஒரு பெட்டிக்கு ஒரே பாம்பு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடு சால்மொனெல்லா கிருமியை எண்ணிப் பொறுத்திருக்கலாம். ஃப்ரீசரில் எலி வைக்க வீட்டார் ஒப்பவில்லை என்றால் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். காய்கறியில் வாழும் பாம்பு கிடையாது.

இந்தத் தீர்ப்புக்கு எல்லையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கார்ன் ஸ்நேக் வளர்ப்பது சட்டவிரோதம். அங்கே உரிமம் பெற்று ஸ்பாட்டட் பைத்தான் போன்ற உள்நாட்டுச் சிறு மலைப்பாம்பைத் தேடுவதே முறை. சிங்கப்பூரில் எந்தப் பாம்புக்கும் இடமில்லை. இந்தியாவில் சாரையையோ நாகத்தையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. வெளிநாட்டுப் பாம்புகளோ பாங்காக்கிலிருந்து பயணப்பெட்டிகளில் மூச்சுமுட்ட அடைபட்டு வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகின்றன. அந்த வழியில் வரும் பாம்பு எவ்வளவு சாதுவானாலும் வாங்கத் தகாதது. தமிழ்நாட்டில் பாம்பின் மேல் பிரியம் உள்ளவருக்குக் கிண்டி பாம்புப் பண்ணையும் வடநெம்மேலியில் இருளர்கள் விஷம் எடுக்கும் கூடமும் இருக்கின்றன.

வாங்கலாம் என்ற இடத்தில் இருப்பவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எதைச் சாப்பிட்டது? முடிந்தால் உங்கள் கண்ணெதிரே ஓர் எலியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அது விழுங்கிவிட்டால் அன்றைக்கே தூக்கி வராதீர்கள். வயிற்றில் இரையோடு அலைக்கழித்தால் கக்கிவிடும். மூன்று நாள் கழித்துப் போய் வாங்கி வாருங்கள்.